வானம் கருத்தால் கலங்கும் நெஞ்சங்கள்

ஐப்பசி மாதத்து மாலை நேரம். குறிஞ்சிப்பாடியின் நெசவாளர் தெருக்களுள் ஒன்றில் தறிகளின் ஓசை இன்னும் அடங்கவில்லை. கிழக்கே, கடல் இருக்கும் திசையில், வானம் மெல்லக் கருக்கிறது. நாலைந்து துளிகள் கூரை ஓட்டின்மேல் விழுகின்றன. அவ்வளவுதான். ஒரு வீட்டின் இல்லத்தரசி அடுப்பிலிருக்கும் உலையையும் மறந்து பதறி எழுகிறாள். அரிசிப் பானையைப் பரண்மேல் ஏற்றுகிறாள். குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி முடிகிறாள். பக்கத்து வீட்டு இளைஞன் வாசலில் நின்று இதைப் பார்க்கிறான்.

"என்ன அக்கா, வெறும் தூறல்தானே? அதற்குள் மூட்டை கட்டுகிறீர்களே!"

"தூறல்தான் தம்பி. அன்றைக்கும் முதலில் தூறலாய்த்தான் வந்தது."

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுகிறான். மழையும் அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. அவள் மட்டும் அன்றிரவு முழுவதும் உறங்கவில்லை. வாசற்படியில் தண்ணீர் ஏறுகிறதா என்று விளக்கை எடுத்துக்கொண்டு மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தாள்.

அன்பான வாசகர்களே, இது எந்தவொரு தனி வீட்டின் கதையும் அன்று. தேவனாம்பட்டினத்திலிருந்து பிச்சாவரம் வரையிலும், பரவனாற்றங்கரையிலிருந்து கொள்ளிடக் கரை வரையிலும், கடலூர் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று நிகழ்வது இதுவே. புயல் உடைத்த வீட்டைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வருகின்றனர். சாய்ந்த மரத்திற்கும் மூழ்கிய பயிருக்கும் கணக்கு உண்டு. ஆனால் புயல் உடைத்த உள்ளத்தைக் கணக்கெடுப்பவர் யார்? அவ்வுள்ளத்திற்கு உரியவர்கள்தாமும் அதை ஒரு காயமென்று அறிவதில்லை. அறியாத காயத்திற்கு மருந்து தேடுவாரும் இல்லை. இதைப்பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறோம்.

ஓர் அடி ஆறுமுன் மறு அடி

முதலில் நாம் கடந்து வந்த ஆண்டுகளைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது நிலநடுக்கத்தால் வந்த பேரழிவு. காலநிலை மாற்றத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் நம் கடலோர மக்களின் உள்ளத்தில் முதல் பெருங்காயத்தை ஏற்படுத்தியது அதுவே. பின்னர் வந்த ஒவ்வொரு புயலும் அந்தப் பழைய காயத்தின் மீதே விழுந்தது என்பதை மறத்தலாகாது.

2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. முந்திரிக் கன்று காய்க்கத் தொடங்க மூன்று ஆண்டுகளாவது வேண்டும்; நல்ல பலன் தர அதனினும் பல ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து வளரும் பலாவுக்கோ இன்னும் நெடுங்காலம் வேண்டும். பாட்டன் நட்டதைப் பேரன் உண்ணும் மரங்கள் அவை. ஒரே இரவில் மூன்று தலைமுறையின் உழைப்பு மண்ணில் கிடந்ததைக் கண்ட முதியவர்களின் முகம் இன்றும் நம் நினைவை விட்டு அகலவில்லை.

2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையத்தில் திடீர் வெள்ளம் பத்து உயிர்களைக் கொண்டு சென்றது. பரவனாறு கரை புரள, கல்குணம் போன்ற தாழ்வான ஊர்கள் தீவுகளாயின. 2020 நவம்பரில் 'நிவர்' புயல் வந்தது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் பல மணி நேரம் நின்று பெய்தது. சாத்தனூர் அணை திறக்கப்பட, தென்பெண்ணை கரை கடந்து கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஓர் அடியிலிருந்து குடும்பம் எழுந்து நிற்பதற்கு முன்பே அடுத்த அடி விழுகிறது. புயலுக்கு வாங்கிய கடனை வெள்ளம் வருமுன் அடைக்க இயலவில்லை. வெள்ளத்திற்கு வாங்கியதை அடுத்த புயலுக்கு முன் அடைக்க முடிவதில்லை. உடல் காயத்தின் மேல் மீண்டும் மீண்டும் அடிபட்டால் அது ஆறாமல் புண்ணாகிவிடும் அன்றோ? உள்ளத்தின் நிலையும் அதுவே.

வானிலை மாறும் காரணம்

"எங்கள் பாட்டன் காலத்திலும் புயல் வந்ததே" என்று சிலர் கேட்கலாம். வந்தது உண்மையே. வங்கக் கடல் புயலுக்குப் பேர்போன கடல். இன்ன புயல் காலநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று ஒன்றைச் சுட்டி எளிதாகச் சொல்லிவிட முடியாது; அவ்வாறு சொல்வது நேர்மையும் ஆகாது. ஆயினும் அறிவியலார் உறுதியாகக் கூறுவன சில உண்டு.

நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் வெளிப்படும் வாயுக்கள் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. அவ்வாறு கூடும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாகக் கடலே உண்டுவிடுகிறது. சூடேறிய கடல் புயலுக்கு உணவாகிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. உயர்ந்த கடலின்மேல் வரும் புயலலை முன்னைவிட உள்ளே வரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பாட்டன் காலத்துப் புயலுக்கும் இன்றைய புயலுக்கும் வேறொரு வேற்றுமையும் உண்டு. பாட்டனுக்குப் பருவம் ஒரு நண்பன். கச்சான் எப்போது வீசும், வாடை எப்போது தொடங்கும், எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தன. அந்தக் கணக்கே இன்று தவறிப்போகிறது. தான் கற்ற கல்வி பொய்த்துவிட்டதென்று ஒரு மீனவரோ உழவரோ உணரும்போது அவருடைய தன்னம்பிக்கையின் அடித்தளமே ஆடிவிடுகிறது.

உள்ளத்தில் நிகழ்வது யாது?

பேரிடருக்குப் பின் மனம் கலங்குவது நோயன்று, இயற்கை. அழுவதும், உறக்கம் வராமலிருப்பதும், சிறு ஓசைக்கும் திடுக்கிடுவதும் நல்ல உள்ளத்திலும் நிகழும். பேரிடரில் சிக்கியோர் ஏறக்குறைய அனைவருமே மனத்துயர் அடைகின்றனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோருக்கு அது நாளடைவில் தணிந்துவிடுகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது ஆறுதலான செய்தி. ஆனால் சிலருக்கு அது தணிவதில்லை. ஒரு மாதத்திற்கு மேலாகியும் அந்தக் காட்சி கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தையும் பேச்சையும் அவர் அஞ்சி ஒதுக்கினால், உடல் எப்போதும் ஓடுவதற்கு ஆயத்தமாய் இருப்பதுபோல் பதறிக்கொண்டேயிருந்தால், அது மருத்துவம் வேண்டும் நிலை. வேறு சிலருக்கு அது மனச்சோர்வு நோயாக உருவெடுக்கிறது. உண்பதிலும் உழைப்பதிலும் பிள்ளைகளைக் கொஞ்சுவதிலும் பற்று அற்றுப்போய், இரண்டு வாரத்திற்கு மேலும் ஒருவர் சாம்பல்போல் அமர்ந்திருந்தால் அதையும் நோயென்றே கொள்ளல் வேண்டும்.

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகத்து மீனவக் கிராமம் ஒன்றில் நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்று 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வூரில் ஆய்வு செய்யப்பட்டோருள் 12.7 விழுக்காட்டினருக்கு, அதாவது எண்மருள் ஒருவருக்கு, பேரதிர்ச்சியால் வரும் இந்த மனநோய் இருந்தது. அவர்களுள் மிகுதியானோர் யாவர்? பெண்கள், காயமுற்றவர்கள், குடும்பத்தில் வருமானமே இல்லாதவர்கள். இறுதியாகச் சொன்னதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். அடுப்பெரியாத வீட்டில் மனக்காயமும் ஆறுவதில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. 2005ஆம் ஆண்டு 'கத்ரீனா' என்னும் சூறாவளி அந்நாட்டின் தென் கரையைச் சிதைத்தது. சில மாதங்களுக்குப் பின் ஆராய்ந்தபோது, பாதிக்கப்பட்டோருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் இந்நோய் காணப்பட்டது. ஓராண்டு கழித்து அதே மக்களிடம் மீண்டும் ஆராய்ந்தனர். அளவு குறைந்திருக்கும் என்றுதானே நாம் எண்ணுவோம்? குறையவில்லை, ஏறத்தாழ 21 விழுக்காடாக உயர்ந்திருந்தது! செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்நிலை. காரணம், புயல் போனாலும் புயல் விட்டுச்சென்ற வாழ்வு போவதில்லை. வீடில்லாமை, வேலையின்மை, கடன், சிதறிய சுற்றம் ஆகிய இவையே நாள்தோறும் வந்து தாக்கும் புயல்களாகின்றன. ஆகவே நிவாரணப் பொருள் கொடுத்து முடித்த அன்றே நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுதல் பெரும் பிழையாகும்.

ஓசையின்றி வரும் இழப்பு

புயலும் வெள்ளமும் செய்தித்தாளில் இடம்பெறுகின்றன. ஓசையின்றி வருபவற்றை யாரும் எழுதுவதில்லை. கடலோரக் கிணற்று நீர் மெல்ல மெல்ல உவர்ப்பாகிறது. கட்டுமரம் ஏற்றி வைத்த மணல் மேட்டைக் கடல் ஆண்டுக்கு ஆண்டு தின்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இது மீன்வளம் பெருகுவதற்காக வகுத்த நல்ல ஏற்பாடே. ஆனால் அதற்குமேல், கடலூர்த் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் நாட்களெல்லாம் வலை உலர்ந்தே கிடக்கும். கரையில் சும்மா அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மீனவரின் மனத்தில் என்ன ஓடும்? வட்டி ஓடும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஓடும்.

கடலிலிருந்து சற்றே உள்ளே தள்ளியிருக்கும் குறிஞ்சிப்பாடியின் நெசவாளருக்கும் இதே கதைதான். பாவு விரிக்க வெயில் வேண்டும்; தெரு காய்ந்திருக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் குழித்தறியின் குழியில் ஊற்று நீர் ஏறிவிடும். கால் வைக்கும் மிதியே நீரில் மூழ்கிய பின் நெய்வது எங்ஙனம்? நூல் நனைந்தால் நட்டம். தறி நின்றால் கூலி இல்லை.

இத்தகைய துயருக்கு ஆஸ்திரேலிய நாட்டு மெய்யியல் அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட் 2003ஆம் ஆண்டில் ஒரு புதுப்பெயர் சூட்டினார்: 'சொலாஸ்டால்ஜியா'. திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களாலும் வறட்சியாலும் தம் மண் உருமாறக் கண்ட மக்களின் துயரை ஆராய்ந்தவர் அவர். ஊரை விட்டுப் பிரிந்தவருக்கு ஊர் ஏக்கம் வரும். ஊரிலேயே இருந்தும், அந்த ஊர் தன் கண்முன்னே வேறொன்றாய் மாறிப்போவதைக் காண்பவருக்கு வரும் ஏக்கமே அது. பிறந்த வீட்டிலேயே அகதியான உணர்வு என்று நம் மொழியில் அதைச் சொல்லலாம். தம் தோப்பு இருந்த வெற்றிடத்தில் நாள்தோறும் போய் நின்றுவிட்டு வரும் முதியவருக்கு இந்த அயல்மொழிச் சொல் தெரியாது. ஆனால் அதன் பொருளை அவரினும் நன்கறிந்தவர் எவருமில்லை.

காலநிலை மாற்றம் மக்களின் மனநலத்தை ஏற்கெனவே பாதித்துவிட்டது என்று, இதற்கென அமைந்த பன்னாட்டு அரசுகளின் அறிவியல் குழு 2022ஆம் ஆண்டு அறிக்கையில் தெளிவாக எழுதியுள்ளது. நம் கரையோர மக்கள் பல்லாண்டு உணர்ந்ததை உலகம் இப்போது ஏட்டில் ஏற்றியிருக்கிறது.

காயத்திற்கு நாம் இடும் தவறான பெயர்கள்

இனி நம் இல்லங்களுக்குள் வருவோம். மனக்காயம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வேறு வேடங்களில் வருகிறது. நாமும் அதற்கு வேறு பெயர்களையே இடுகிறோம்.

இரவில் அலறி எழும் சிறுமிக்குப் 'பயந்த கோளாறு' என்று மந்திரிக்கிறோம். வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவனைச் 'சோம்பேறி' என்கிறோம். தலைவலி, நெஞ்சு படபடப்பு, கைகால் குடைச்சல் என்று மாதந்தோறும் மருந்துக் கடைக்கு நடக்கும் தாயை 'நோய்க்காரி' என்று சலித்துக்கொள்கிறோம். உறக்கத்திற்காகக் குடிக்கத் தொடங்கி, பின்னர் குடிக்காமல் உறங்க முடியாதவராகிவிட்ட மனிதரைக் 'குடிகாரன்' என்று தள்ளிவைக்கிறோம். குடியால் குடும்பம் அடையும் துன்பத்தை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் குடி எந்த வெள்ளத்தன்று தொடங்கியது என்று ஒரு முறையேனும் கேட்டோமா?

வயதான தந்தை, "நான் இருந்து என்ன பயன்? உங்களுக்குப் பாரமாய் இருக்கிறேன்" என்கிறார். முதுமையின் புலம்பல் என்று அதை விட்டுவிடுகிறோம். அது சில வேளைகளில் அபயக் குரலாக இருக்கலாம். அத்தகைய சொல்லை ஒருபோதும் அலட்சியம் செய்தலாகாது.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லியாக வேண்டும். "செபிக்கிற குடும்பத்தில் இப்படி வரலாமா? விசுவாசம் போதவில்லை" என்று நம்மிடையே சிலர் கூறுவதுண்டு. இது துன்புற்றவர்மேல் மீண்டும் ஒரு கல்லை எறிவதாகும். கால் முறிந்தவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவரை மதித்துப் போற்றுமாறு சீராக்கின் ஞான நூலே நமக்கு அறிவுறுத்துகிறது. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

குடும்பத்தினர் செய்யத்தக்கவை

ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்து வல்லுநர்கள் தமிழகக் கடற்கரைக்கு வந்து, தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தனர். மனத்துயருற்ற எல்லாருக்கும் மனநல மருத்துவர் தேவையில்லை; பலருக்கு வேண்டுவது பொறுமையாகக் கேட்கும் ஒரு செவியும், மீண்டும் எழுந்து நிற்க ஒரு கையுமே என்பது அவர்களுடைய பணியிலிருந்து நாம் கற்ற பாடம். இம்முதலுதவி மூன்று படிகள் கொண்டது: காணல், கேட்டல், இணைத்தல்.

காணல் என்பது, யார் உண்ணவில்லை, யார் உறங்கவில்லை, யார் கூட்டத்தை விட்டு ஒதுங்கிவிட்டார் என்று கவனித்தல். கேட்டல் என்பது, அவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்டல். "எல்லாம் சரியாகிவிடும்", "உன்னைவிட எத்தனையோ பேர் இழந்திருக்கிறார்கள்" என்ற சொற்கள் ஆறுதல்போல் தோன்றினும் வாயை அடைக்கும் சொற்களே. அதேபோல், "நடந்ததையெல்லாம் கொட்டிவிடு" என்று வற்புறுத்துவதும் ஆகாது. அண்மையில் அதிர்ச்சியுற்றவரை அவ்வாறு கட்டாயப்படுத்திப் பேசவைப்பதை உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. அவராகப் பேசும்போது கேளுங்கள், பேசாதபோது உடனிருங்கள். இணைத்தல் என்பது, அவருக்கு வேண்டியதை உரிய இடத்தில் சேர்த்தல். அது நிவாரண மனுவாக இருக்கலாம், பிரிந்த உறவினராக இருக்கலாம், மருத்துவராகவும் இருக்கலாம்.

குழந்தைகளின்பால் தனிக்கவனம் வேண்டும். வானம் இருண்டால் அஞ்சும் குழந்தையை ஏளனம் செய்யாதீர்கள். மழை ஏன் பெய்கிறது, வெள்ளம் வந்தால் நாம் எங்கே போவோம், யார் கையைப் பிடிப்பது என்று எளிய மொழியில் முன்னரே சொல்லிவையுங்கள். என்ன செய்வதென்று தெரிந்த குழந்தை பாதி அச்சத்தை விட்டுவிடும். பள்ளி, விளையாட்டு, உணவு, உறக்கம் ஆகியவை கூடிய விரைவில் பழைய ஒழுங்குக்குத் திரும்பட்டும். புயற்காட்சிகளைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள்.

வீட்டுத் தலைவர்களுக்கு ஒரு சொல். "ஆண்பிள்ளை அழலாமா?" என்ற பழக்கமே நம்மவர் பலரைச் சாராயக் கடைக்கு அனுப்புகிறது. மனைவியிடமோ நண்பரிடமோ, "எனக்கு அச்சமாக இருக்கிறது" என்று சொல்வது ஆண்மைக்கு இழுக்கன்று.

ஒரு மாதம் கடந்தும் துயர் தணியவில்லையெனில், அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு சொல்லிலேனும் வெளிப்பட்டால், காலம் தாழ்த்தாமல் உதவி நாடுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் நடைபெறும் 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டம் நம் கடலூர் மாவட்டத்திலும் நடைபெறுகிறது. கடலூர் அரசு மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரிக்கலாம். மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாள் உண்டுவிட்டுப் பயனில்லையென்றோ, சற்றுத் தெளிந்தவுடன் குணமாயிற்றென்றோ நாமாக நிறுத்திவிடலாகாது.

ஊர் கூடிச் செய்யத்தக்கவை

தனியொரு குடும்பம் தாங்க இயலாத சுமையை ஊர் கூடினால் தாங்கலாம். செயலற்றிருப்பதே அச்சத்தை வளர்க்கிறது. கை செயல்படும்போது மனம் தெளிகிறது.

ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு தெருவிலும் ஒரு பட்டியல் எழுதலாம்: தனியே வாழும் முதியவர், கருவுற்ற பெண், நடக்க இயலாதவர், ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து உண்பவர். எச்சரிக்கை வந்தவுடன் இவர்கள் வீட்டுக் கதவை யார் தட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாம். மருந்துச் சீட்டும் பத்து நாள் மருந்தும் பத்திரங்களோடு சேர்ந்து பையில் இருக்கட்டும். பங்கு ஆலயமும் பள்ளியும் புகலிடமாகும் நாட்களில் பெண்களுக்குத் தனியிடமும் விளக்கும் கழிப்பிடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சத்தோடு அவமானமும் சேர்ந்தால் காயம் இரட்டிப்பாகும்.

பெண்கள் சுயஉதவிக் குழுக்களும் அன்பியக் குழுக்களும் மாதம் ஒரு முறை கடன் கணக்கோடு மனக் கணக்கையும் கேட்கலாம். கந்துவட்டியிலிருந்து ஒரு குடும்பத்தை மீட்பதும் மனநல மருத்துவமே. முன்சொன்ன ஆய்வு நமக்குக் கற்பித்தது அதுதானே?

நம் கையால் செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. ஆழிப்பேரலையின்போது கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த அறிஞர்கள், அலையாத்திக் காடும் கரையோர மரங்களும் முன்நின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று 2005ஆம் ஆண்டு 'சயன்ஸ்' என்னும் புகழ்பெற்ற இதழில் எழுதினர். நம் பிச்சாவரம் உலகுக்கே பாடமாயிற்று! அலையாத்திக் கன்று நடுதல், ஓடையைத் தூர் வாருதல், சாய்ந்த தோப்பில் மீண்டும் கன்று ஊன்றுதல் ஆகியவை மண்ணை மட்டும் காப்பவை அல்ல. 'என்னால் ஒன்றும் ஆகாது' என்று சோர்ந்த உள்ளத்திற்கு, 'என்னாலும் ஆகும்' என்று சொல்லித் தருபவை. முதியவர் குழி தோண்ட, பேரன் கன்றை வைக்க, இருவரும் நீர் ஊற்றும் அந்த ஒரு மாலைப் பொழுது பல மருந்துகளுக்கு ஈடாகும்.

இவற்றோடு அரசின் கடமையும் உண்டு. வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுக்க வரும் குழுவில் மனநலப் பணியாளர் ஒருவரும் இருத்தல் வேண்டும். நிவாரணத் தொகை காலத்தே வருதல் வேண்டும். வளிமண்டலத்தைச் சூடேற்றியவர்களுள் நம் மீனவரும் நெசவாளரும் மிகச் சிறிய பங்கினரே. ஆனால் தண்டம் செலுத்துவோருள் அவர்கள் முன்வரிசையில் நிற்கின்றனர். இந்த அநீதியை எடுத்துச் சொல்வதும், ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்பதும் நம் உரிமை, கடமையும் ஆகும்.

மீண்டும் அந்த வீட்டிற்கே வருவோம். வானம் கருத்தவுடன் அரிசிப் பானையைப் பரண்மேல் ஏற்றிய அந்தப் பெண் பேதையல்லள். பட்டறிவு அவளுக்குக் கற்பித்ததை அவள் செய்கிறாள். அவளுக்கு வேண்டாதது சிரிப்பு, வேண்டியது துணை. அடுத்த முறை மேகம் திரளும்போது அந்த இளைஞன் வாசலில் நின்று வேடிக்கை பார்க்காமல் உள்ளே வந்து, "அக்கா, பானையை என்னிடம் கொடுங்கள், நான் ஏற்றுகிறேன். இன்றிரவு தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் உறங்குங்கள்" என்று சொல்லட்டும்.

மழையை நிறுத்த அவனால் முடியாது. ஆனால் அவ்வீட்டில் அன்றிரவு ஒருத்தி உறங்குவாள்.